மூன்றாம் தாங்கி

பேரின்பநாதன் பியர் குடிப்பதில்லை. விரதமோ சத்தியமோ கிடையாது. பழகவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் 2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் அறுபது எழுபது பேருக்கு முன்னால், பியரைக் கெடுத்தவன் என்ற பெயர் கிடைத்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சொந்த இடம் மட்டக்களப்பில் ஆரையம்பதி. மொன்ட்ரியாலுக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை வருடங்களும் எதையாவது கழுவிக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு கிரேக்கனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பைகள். பிறகு ஆசுபத்திரிக்கு வேலைசெய்த ஒரு சலவைக் கூடத்தில் கட்டில் விரிப்புகள். சலவைக் கூடத்தை இழுத்து மூடியபோது பேனாட்தான் அவரைப் பியர் காய்ச்சி விற்கும் சில்வானிடம் கூட்டிப்போனான். பேனாட் திருகோணமலைக்காரன். சில்வானின் வானை ஓட்டிக் கடை கடையாகப் பியர் இறக்குகிறவன்.

"குடிக்காத ஆள் ஒராள் வேணுமெண்டு கேட்டவன் அண்ணை. எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை எண்ணிப் பாத்தன். நீங்கள் ஒராள்தான் மிஞ்சினது," என்றான் பேனாட்.

சில்வானின் இடம் முன்பு கார் திருத்தும் கராஜாக இருந்தது. முன்பக்கம் நாற்பது கதிரைகளும் நீளமான ஒரு மேசைத் தட்டும். தட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை. அன்றன்று என்ன பியர் இருக்கிறதென்று சோக்கட்டியால் எழுதிவைப்பார்கள். பின்பக்கம்தான் வேலை. பியர் காய்ச்சும் செம்புக் கொப்பரையும், நான்கு உருக்குத் தாங்கிகளும். ஒவ்வொரு தாங்கியும் ஆயிரம் லீற்றர். காய்ச்சிய பியர் இரண்டு மூன்று கிழமைகள் அதற்குள் கிடந்து புளித்து அடங்கும். ஒன்று காலியானதும் அதைக் கழுவ வேண்டும். அதுதான் பேரின்பநாதனின் வேலை.

முதல்நாள் சில்வான் அவரைத் தாங்கிகளுக்கு முன்னால் நிறுத்தி, பிரெஞ்சில் பாதி ஆங்கிலத்தில் பாதியாக ஒரேயொரு சட்டம் சொன்னான். ஜாவெல் இந்தக் கதவுக்குள் வரக்கூடாது.

மொன்ட்ரியாலில் ஜாவெல் தெரியாத வீடில்லை. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பாணுக்கும் பாலுக்கும் பக்கத்தில் மஞ்சள் போத்தலில் இருக்கும் வெளுப்புத் திரவம். கிரேக்கனின் கடையில் பேரின்பநாதன் அதில்தான் குளித்தார் என்று சொல்லலாம். ஆனால் பியருக்கு அது நஞ்சு என்றான் சில்வான். ஒரு கரண்டி போதும், ஆயிரம் லீற்றரும் ஆசுபத்திரிபோல மணக்கும். அதைத் திருப்பி எடுக்க வழியில்லை, சாக்கடையில்தான் ஊற்றவேண்டும்.

பேரின்பநாதன் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார். வேலைக்குப் போடும் சட்டைகளை ஜாவெலில் நனைக்க வேண்டாமென்று மனைவி புஷ்பராணிக்குச் சொன்னார். பிறகு வீட்டுக்கே வாங்க வேண்டாமென்றார்.

"கக்கூஸக் கழுவிறதுக்குமா? நீங்க என்ன, பியர்க் கொம்பனிக்குப் பூசகரா?" என்று கேட்டாள் புஷ்பராணி.

நான்கு வருடமாக அந்த வீட்டில் ஜாவெல் இல்லை.

தாங்கி கழுவுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கொதிநீர், காரம், தண்ணீர், அமிலம், மறுபடி தண்ணீர் என்பது சில்வான் சொல்லிக்கொடுத்தது. அதற்குப் பிறகு தாங்கியின் வட்டக் கதவுக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடி மணந்து பார்ப்பது அவருடையது. ஒன்றும் மணக்கக்கூடாது. உருக்கின் மணம்கூட வரக்கூடாது. அதன்பிறகுதான் கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். சிவப்புத் துணி கட்டாத தாங்கியில் சில்வான் ஒருபோதும் பியர் விட்டதில்லை.

மணந்து பார்ப்பது அவருக்குக் கைவந்தது வேறொரு சமையலில். ஆரையம்பதியில் கண்ணகியம்மன் கோயில் சடங்குக்கு அமுது சமைக்கிறவர்களில் ஒருவராகப் பதினொரு வருடம் நின்றிருக்கிறார். அம்மனுக்குப் படைக்கும்வரை அகப்பையை நாக்கில் வைக்கக்கூடாது. உப்புக் கூடியதா குறைந்ததா, அடிப்பிடித்ததா, பால் திரிகிறதா, எல்லாவற்றையும் ஆவியில்தான் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தெரியாதவனை அடுத்த வருடம் அடுப்படிக்குக் கூப்பிட மாட்டார்கள். அவரைப் பதினொரு வருடமும் கூப்பிட்டார்கள். இதை அவர் சில்வானுக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவரிடம் அவ்வளவு பிரெஞ்சு இல்லை.

பூசணிப் பியர் சில்வானின் யோசனை. இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊரில் எல்லாவற்றுக்குள்ளும் பூசணிக்காய் போடுகிறார்கள். கோப்பிக்குள், கேக்குக்குள், மெழுகுதிரிக்குள்கூட. சில்வான் பியருக்குள் போட்டான். முதல் வருடம் வீட்டு வாசல்களில் முகம் வெட்டி வைக்கிற செம்மஞ்சள் பூசணிக்காயை வாங்கிவந்து அவித்துப் போட்டான். பேரின்பநாதன் கொப்பரைக்குப் பக்கத்தில் போய் ஒரு மூச்சு இழுத்தார்.

"தண்ணி," என்றார்.

"என்ன?"

"இது தண்ணி. இது சாப்பிடுறதில்ல. இது பாக்கிறது."

அந்த வருடம் குடித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த வருடம் பேரின்பநாதன் சில்வானை ஜோன்-தலோன் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனார். சாம்பல் பச்சைத் தோலோடு, தட்டையாக, கல்லுப்போலப் பாரமாக இருந்த காய்களை ஒவ்வொன்றாகத் தட்டி, காம்படியில் மணந்து பொறுக்கினார். தோலைச் சீவாமல் துண்டு போட்டு, ஓரம் கருகும்வரை சூளையடுப்பில் சுட்டார். கறுவாவையும் கராம்பையும் வெறும் சட்டியில் வறுத்துப் போடச் சொன்னார். சில்வான் முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். பேரின்பநாதன் பிறகு முகத்தைக் கழுவினார்.

அதிலிருந்து ஒவ்வொரு செப்ரெம்பரிலும் மூன்று நாட்கள் அவர் பூசணிக்காய் வெட்டினார், சுட்டார். ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை அதைத் திறந்து சுவைக்கக் கொடுக்கும் நாள். அந்த நாளுக்கென்றே ஆட்கள் வந்தார்கள். அந்தப் பியரின் ருசி அவருக்குத் தெரியாது. மணம் தெரியும். முதலில் சீனி கருகுகிற மணம், பிறகு கறுவா, கடைசியில் மழைக்குப் பிறகு வருகிற மண்மணத்தில் ஒரு துளி.

இந்த வருடம் மூன்றாம் தாங்கியில் அது இருந்தது. வியாழக்கிழமை மாலை தாங்கியின் சிறு குழாயைத் திறந்து ஒரு கிண்ணத்தில் பிடித்து மணந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலைக்கு வந்தபோது முன்பக்கத் தட்டின்மேல் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. ஆளுயரத்தில் பாதி. செம்மஞ்சள், முகம் வெட்டுகிற சாதி. உள்ளே குடைந்து, பக்கத்தில் ஓட்டை போட்டு, பித்தளைக் குழாய் ஒன்றை அடித்திருந்தார்கள். மூன்றாம் தாங்கியிலிருந்து பியரை இதற்குள் ஊற்றி, இதிலிருந்து கிண்ணங்களில் பிடித்துக் கொடுப்பதாம். எங்கோ படத்தில் பார்த்தானாம் சில்வான்.

"எப்படி?" என்று கேட்டான்.

"பெரிசு," என்றார் பேரின்பநாதன். வேறு சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டார். அவரிடம் கேட்டுச் செய்ததில்லையே.

மத்தியானம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் பின்பக்கம் பீப்பாய்கள் கழுவிக்கொண்டிருந்தார். தட்டில் நின்று ஊற்றிக் கொடுத்தவள் கயல். சேலத்துப் பெண். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனி ஞாயிறுகளில் சில்வானிடம் வேலை. பிரெஞ்சு நன்றாகவே பேசுவாள். முன்பக்கத்துச் சிரிப்பும் சத்தமும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. பிறகு சத்தம் குறைந்தது. பிறகு ஒலிவாங்கியில் சில்வானின் குரல் கேட்டது. அதற்குள் "பெரி" என்ற சொல் வந்தது. சில்வான் அவரை அப்படித்தான் கூப்பிடுவான்.

புகழ்கிறான் என்று நினைத்தார். கையைத் துடைத்தார்.

கயல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், நீங்க இப்ப வெளிய வராதீங்க."

"ஏன் பிள்ள? கூப்பிடுறான் போல."

"கூப்பிடல அங்கிள். பியர் ஒரு மாதிரி இருக்குன்னு எல்லாரும் கீழ வெச்சுட்டாங்க. பிளாஸ்திரி மாதிரி, மருந்து மாதிரி வாசனை. பியரப் பத்தி பேப்பர்ல எழுதுற ஒருத்தர் வந்திருக்காரு. அவரு ஒரு வாய் குடிச்ச உடனே சொல்லிட்டாரு, இது ஜாவெல்னு."

"ஜாவெலா?"

"ஆமா. சில்வான் உடனே மைக்ல..." அவள் நிறுத்தினாள்.

"சொல்லு."

"மன்னிச்சுக்கங்க, டேங்க் கழுவுற ஆள் தப்புப் பண்ணிட்டாரு, பெரி நல்ல மனுஷன்தான், ஆனா எத வச்சு எதக் கழுவணும்னு அவருக்குச் சொன்னது புரியல போலன்னு. கொஞ்சம் பேரு சிரிச்சாங்க."

பேரின்பநாதன் இரப்பர்ச் சப்பாத்தோடு முன்பக்கம் போனார். தரையில் அவர் நடந்த தடம் ஈரமாகக் கிடந்தது. தட்டில் குடியாமல் வைத்த கிண்ணங்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து மணந்தார். ஆசுபத்திரிச் சலவைக் கூடம் அப்படியே எழுந்து வந்தது.

கரும்பலகையில் பூசணிப் பியருக்கு நேரே சில்வான் பெரிய எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கயல் அவர் காதருகே வாசித்துச் சொன்னாள். "கழுவியதில் பிழை. மன்னிக்கவும்."

"இது என்ர தாங்கிச் சாமான் இல்ல," என்றார் பேரின்பநாதன். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். "தாங்கி சுத்தம். வியாழக்கிழமை நான் மணந்தன்."

சில்வான் திரும்பினான். முகம் சிவந்திருந்தது. சனத்துக்கு முன்னால் அவமானப்பட்ட முகம். அதைப் பார்த்தபோது பேரின்பநாதனுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"பெரி, நீ பியர் குடிப்பதே இல்லை. உனக்கு என்ன தெரியும்?"

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் விடுகிற ஒன்று.

"திங்கட்கிழமை தாங்கியைத் திறந்து எல்லாவற்றையும் சாக்கடையில் விடு. பிறகு இரண்டு தரம் கழுவு. இந்த முறை நான் பக்கத்தில் நிற்பேன்."

பேரின்பநாதன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ் வந்தது. ஏறவில்லை. பார்க் எக்ஸ்ரென்சனிலுள்ள வீடுவரை நடந்தே போனார்.

வீட்டில் புஷ்பராணியிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"நாலு வரிசமா நான் தேசிக்காய்த் தோலால கக்கூஸ் தேய்க்கிறன். அவன் எங்களச் சொல்றானா ஜாவெல் ஊத்தினதெண்டு?"

"சனத்துக்கு முன்னால சொல்லிற்றான்."

"விளங்கேல்லையாம் எண்டு வேற சொன்னவனா?"

"ஓம். எனக்குச் சொன்னது விளங்கேல்லயாம்."

அதுதான் அவருக்குள் முள்ளாக நின்றது. தவறு செய்தான் என்று சொல்லியிருந்தால் ஒரு வழியில் பொறுத்திருப்பார். கை வழுக்கும், மறதி வரும், எல்லா மனுசருக்கும் உள்ளதுதான். விளங்கவில்லை என்றானே. அவன் சொன்ன ஒரேயொரு சட்டத்தை வீட்டுக் கக்கூஸ்வரை கொண்டுபோனவனுக்கு விளங்கவில்லையாம். குடிக்காதவனுக்கு என்ன தெரியும் என்கிறான். சந்தையில் காயை மணந்து பொறுக்கிக் கொடுத்தபோது குடித்துவிட்டா பொறுக்கினேன்?

"வேலைய விடுங்க," என்றாள் புஷ்பராணி.

"விட்டா உண்மையாப் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பேனாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பேனாட் கோயிலால் வந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேள்விப்பட்டன் அண்ணை. விடுங்கோ. வெள்ளைக்காரன் கத்துவான், பேந்து மறந்துபோவான். ஆயிரம் லீற்றர் ஊத்துறானாமே? ஊத்த முந்தி எனக்கொரு சொல்லுச் சொல்லுங்கோ. கொஞ்சம் ஜாவெல் மணந்தா நான் செத்தே போவன்?"

"பகிடி விடாத, பேனாட். அந்தப் பெரிய பூசணிக்காய நீதானே கொண்டுவந்த?"

"ஓம். வெள்ளிக்கிழமை. சில்வான்ரை வீட்டிலையிருந்து. நானும் அவனும் ரெண்டு பேர் தூக்கினது. நாரி இன்னும் நோகுது."

"வீட்டில எங்க கிடந்தது?"

"குளிக்கிற தொட்டிக்குள்ளை. ஒரு கிழமைக்கு முன்னமே வாங்கிப்போட்டானாம். குடைஞ்சுபோட்டு, அழுகாமல் இருக்க ஊறப்போட்டு வைச்சவனாம்."

பேரின்பநாதன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"என்னத்தில ஊறப்போட்டவன்?"

மறுபக்கம் இடியப்பம் மெல்லுகிற சத்தம் நின்றது.

"அண்ணை... வான் முழுக்க நீச்சல் குளம் மாதிரி மணந்தது. நான் நினைச்சன், மனிசி குளியலறை கழுவினவவாக்கும் எண்டு."

"நினைச்சியா?"

"சத்தியமா அண்ணை, எனக்கு அப்ப ஓடேல்லை."

"நேத்துச் சனத்துக்கு முன்னால எனக்குப் பேர் வைக்கேக்கயும் ஓடேல்லயா?"

"நான் நேத்து அங்கை இல்லையண்ணை. லவாலிலை சாமான் இறக்கினனான்."

"கேள்விப்பட்டனெண்டு இப்பதானே சொன்ன? கேள்விப்பட்ட பிறகும் விடுங்கோ எண்டுதானே சொன்ன?"

மறுபக்கம் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"சேட்டப் போட்டுக்கொண்டு வா. கடை திறக்க முதல் போகவேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மத்தியானம்தான் திறக்கும். அவர்கள் போனபோது கயல் கதிரைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சில்வான் இன்னும் வரவில்லை. பூசணிக்காய் தட்டின்மேல் அப்படியே இருந்தது. நேற்று ஊற்றியதில் பாதி இன்னும் உள்ளே கிடந்தது. பின்னாலிருந்த கரும்பலகையும் அப்படியே இருந்தது. பேரின்பநாதன் அதைப் பார்க்காமல் பின்பக்கம் போய் மூன்றாம் தாங்கியின் சிறு குழாயைத் திறந்து ஒரு கிண்ணம் பிடித்தார். முன்பக்கம் வந்து பூசணிக்காயின் பித்தளைக் குழாயில் இன்னொரு கிண்ணம் பிடித்தார். இரண்டையும் கயலுக்கு முன்னால் வைத்தார்.

"இது தாங்கி. இது அது. குடிச்சுப் பாத்துச் சொல்லு, பிள்ள."

கயல் தாங்கிக் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"அய்யோ அங்கிள், இது சூப்பரா இருக்கு! பரங்கிக்காய் அல்வாவ யாரோ அடுப்புல கொஞ்சம் தீய விட்ட மாதிரி. நல்ல தீய்ச்சல்."

"தீய விட்டது நான்தான்."

மற்றக் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள். "இதான் நேத்து குடுத்தது."

"எனக்கும் அந்தத் தாங்கியிலை ஒண்டு," என்றான் பேனாட்.

"நீ சாட்சி. சாட்சி குடிக்கிறேல்ல."

"சாட்சிக்கும் தொண்டை இருக்கண்ணை."

பேரின்பநாதன் பூசணிக்காயின் மூடியைத் தூக்கி உள்ளே தலையை விட்டார், தாங்கிக்குள் விடுவதுபோலவே. கண்ணை மூடினார். பியர், கறுவா, பச்சைக் காய்ச் சதை. அதற்கடியில், சதைக்குள்ளேயிருந்து, மஞ்சள் போத்தல்.

அப்போதுதான் சில்வான் கதவைத் திறந்துகொண்டு வந்தான். மூன்று பேரும் தட்டருகே நிற்பதையும், ஒருவர் தலை பூசணிக்காய்க்குள் இருப்பதையும் பார்த்து நின்றான்.

"என்ன நடக்கிறது?"

பேரின்பநாதன் தலையை வெளியே எடுத்தார். தலைமயிரில் காயின் நார் ஒட்டியிருந்தது. நடந்து வரும்போது பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். ஒன்றும் நினைவில் வரவில்லை. இரண்டு கிண்ணங்களையும் அவன் பக்கம் தள்ளினார்.

"குடி," என்றார். "நீ குடிக்கிறவன்தானே. குடி."

சில்வான் முதலாவதைக் குடித்தான். நெற்றி சுருங்கியது. இரண்டாவதைக் குடித்தான். மறுபடி முதலாவதைக் குடித்தான்.

"இது எங்கேயிருந்து?"

"மூன்றாம் தாங்கி."

"அப்படியானால்..." சில்வான் பூசணிக்காயைப் பார்த்தான். முகம் வெட்டி வைத்த காயின் வாய்போல அவன் வாயும் திறந்திருந்தது. "ஆனால் நான் அதைக் கழுவினேனே. நன்றாகத்தான் கழுவினேன். மூன்று தரம்."

"என்னத்தில் ஊறவைத்தாய்?" என்று கேட்டார் பேரின்பநாதன்.

சில்வானின் கழுத்திலிருந்து சிவப்பு மேலேறிக் காதுவரை போனது. பேனாட் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வா பெரி," என்று சில்வான் அவர் தோளில் கையைப் போட்டு உள்ளே, கணக்குப் பார்க்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போனான். கதவைச் சாத்தினான். மன்னிக்கச் சொன்னான். நேற்று மூளை வேலை செய்யவில்லை என்றான். அந்த எழுத்தாளன் முன்னால் நின்று ஜாவெல் என்றதும் வேறொன்றும் தோன்றவில்லை என்றான். நீ என் சகோதரன் மாதிரி என்றான். கண்கூடக் கலங்கியது. பிறகு மூலையிலிருந்து ஆறு போத்தல்கள் கொண்ட அட்டைப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தான். போன வருடத்துப் பூசணிப் பியர்.

பேரின்பநாதன் பெட்டியைப் பார்த்தார். நேற்று இவன்தான் நீ குடிப்பதில்லை என்றான். இன்றைக்கு இவனே குடிக்கத் தருகிறான். பெட்டியை மேசைமேல் வைத்தார். சாத்திய கதவைத் திறந்துவிட்டு, திறந்த வாசலிலேயே நின்றார்.

"கயல், இஞ்ச வா பிள்ள. நான் சொல்றத இவனுக்குச் சொல்லு. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

கயல் வந்தாள்.

"நேத்து எங்க வச்சுச் சொன்னவன்?"

"மைக்ல, முன்னாடி," என்றாள் கயல்.

"அங்க வச்சுச் சொல்லட்டும். சொன்ன இடத்தில சொல்லட்டும். அறைக்குள்ள வச்சு எனக்குச் சொல்லி என்னத்துக்கு? நான் பிழை செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியுந்தானே."

கயல் சொன்னாள். சில்வான் இரண்டு கைகளையும் விரித்தான். ஆனால் நேற்று வந்தவர்கள் போய்விட்டார்களே, இன்றைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு இந்தக் கதையே தெரியாது, யார் இதையெல்லாம் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்றான்.

"நான் வச்சிருக்கிறன்," என்றார் பேரின்பநாதன். அதை அவரே பிரெஞ்சில் சொன்னார். அதற்குக் கயல் தேவைப்படவில்லை.

முன்பக்கக் கதவை யாரோ திறந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் வந்து யன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம். கரும்பலகையை வாசித்துவிட்டு ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் பூசணிக்காயைக் காட்டிச் சிரித்தார்கள்.

"அங்கிள்," என்றாள் கயல் மெதுவாக, "அவங்க சிரிக்கிறது அந்த போர்டப் பாத்துத்தான்."

சில்வானும் அதைப் பார்த்தான். நல்ல மனுசன்தான். நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவரிடம் குரல் உயர்த்திப் பேசியவனில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவனுக்கு வந்த யோசனை இதுதான்: தட்டில் கிடந்த ஈரத் துணியை எடுத்துப் பேரின்பநாதனிடம் நீட்டினான். பலகையைக் கண்ணால் காட்டினான். துடைத்துவிடு, எல்லாம் முடிந்துவிடும் என்கிற மாதிரி.

பேரின்பநாதன் துணியை வாங்கவில்லை.

பதினான்கு வருடமாக இந்த ஊரில் மற்றவர்கள் அழுக்காக்கியதை அவர் கழுவியிருக்கிறார். கிரேக்கனின் எண்ணெய்ச் சட்டி. யார் யாருடையதோ இரத்தம் பட்ட விரிப்பு. இந்த நான்கு தாங்கிகளின் அடியில் படிகிற கசடு. எதற்கும் முகம் சுளித்ததில்லை, அது வேலை. ஆனால் இதையும் நான்தான் துடைக்கவேண்டுமா? எழுதினவன் நீ. உன் கையில் சோக்கட்டி இருந்தது. ஏப்ரன் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாங்கி, பீப்பா, தரை, கக்கூஸ், எல்லாம் கழுவுவன் எண்டு சொல்லு. நாளைக்கும் வந்து கழுவுவன். அந்தப் பலகைய நான் தொடமாட்டன். அவன் எழுதினது, அவன் துடைக்கட்டும். துடைச்சிற்று விடுறதில்ல. தாங்கி சுத்தமாத்தான் இருந்ததெண்டு அதே இடத்தில எழுதட்டும். எழுதிற்று வாயாலயும் சொல்லட்டும். அதுக்குப் பிறகுதான் மூண்டாம் தாங்கியத் திறக்கிறது. திறக்காட்டி ஆயிரம் லீற்றரும் அங்கயே கிடக்கட்டும்."

கயல் ஒரு சொல்லும் விடவில்லை. கடைசி வசனத்தை அவள் கொஞ்சம் உரத்தே சொன்னாள். யன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சில்வான் துணியோடு நின்றான். பிறகு பலகைக்குப் போனான். துடைத்தான். ஈரப் பலகையில் சோக்கட்டி பிடிக்கவில்லை. சட்டைக் கையால் ஒற்றி உலர்த்திவிட்டு எழுதினான். ஒலிவாங்கியை எடுத்து, தொண்டையைச் செருமி, யன்னலோரத்து ஐந்தாறு பேருக்கு முன்னால் இரண்டு மூன்று வசனங்கள் சொன்னான். குளியல் தொட்டி என்ற சொல் வந்தபோது அந்தத் தொப்பிக்காரப் பெண் சிரித்தாள். இந்த முறை சிரிப்பு சில்வானுக்குப் போனது. அவனும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தான். பேரின்பநாதன் சிரிக்கவில்லை.

பேனாட் பூசணிக்காயைத் தட்டிலிருந்து சரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்வாசலால் கொண்டுபோனான். வழியெல்லாம் சொட்டியது.

"அங்கிள், எழுதிட்டாரு," என்றாள் கயல். "சொல்லவும் சொல்லிட்டாரு. உங்க பேர மைக்ல சொன்னாரு, முழுப் பேரு. கொஞ்சம் திக்கிச்சு, ஆனா சொல்லிட்டாரு."

பேரின்பநாதன் பலகையைப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்துகளை அவரால் கூட்டி வாசிக்க முடியாது. ஆனால் நேற்றைய எழுத்துகள் எவ்வளவு உயரம் இருந்தன என்பது கண்ணில் நின்றது. துடைத்த இடத்தில் அவற்றின் வெள்ளைத் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அந்தத் தடத்துக்குக் கீழே, மூலையில், புதிய வரி விரல்நகம் அளவில் ஒடுங்கிக் கிடந்தது.

"என்னெண்டு எழுதியிருக்கான்?"

"தாங்கி சுத்தமாக இருந்ததுன்னு."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

"அதேதான் அங்கிள். தாங்கி சுத்தமாக இருந்தது."

அவர் ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்தார். கழுத்தில் மாட்டினார். பின்னால் கயிற்றை முடிந்தார். மூன்றாம் தாங்கியின் பெரிய குழாயைத் திறக்கிற திறவுகோல் ஏப்ரன் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"பெரிசா எழுதச் சொல்லு, பிள்ள," என்றார். "நேத்தைய அளவுக்கு."